இல்லம் மாறும்போது: தீவிர மனநோயுள்ள முதியவரைப் பாதுகாப்பாக இடம் மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

முதியோர் இல்லம் ஒன்றின் அலுவலக மேசையில், புதிதாக வந்து சேர்ந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியின் மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது பதினேழு மாத்திரை அட்டைகள் விழுந்தன. அவற்றுள் ஆறு அட்டைகளில், எண்ணிக்கைக்காகக் கத்தரித்துக் கொடுத்ததில், மருந்தின் பெயரே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வேறு வேறு வணிகப் பெயர்கள் கொண்ட இரண்டு அட்டைகளைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தால் இரண்டுமே ஓலன்சபின் என்ற ஒரே மனநோய் மருந்து. டிஸ்சார்ஜ் சம்மரியின் மருந்துப் பகுதியில் 'முன்பு கொடுத்த மருந்துகளையே தொடரவும்' என்ற ஒரே வரி இருந்தது. முன்பு கொடுத்தவை எவை என்பதும், மாதம் ஒருமுறை போடும் மனநோய் மருந்து ஊசியைக் கடைசியாகப் போட்ட தேதியும் எங்கும் இல்லை. அழைத்து வந்த தம்பிக்கு அக்காவின் நோயின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை, ஏனெனில் அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் நான்கு மாதம் முன்பு இறந்துபோன அம்மா.

மனநல சமூகப் பணியில் இத்தகைய மஞ்சப்பைகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றுடன் முதுமையும் சேர்ந்துகொண்டவர்களை மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கோ, ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கோ, இல்லத்திலிருந்து வீட்டுக்கோ மாற்றும்போது ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை நோயினால் வருபவை அல்ல. அவரைப் பற்றித் தெரிந்தவர்களிடமிருந்து தெரியாதவர்களிடம் தகவல் போய்ச் சேராததால் வருபவை. குடும்பத்தாரும் இல்லப் பணியாளர்களும் அந்த இடைவெளியை எப்படி அடைக்கலாம் என்பதை, தமிழ்நாட்டில் உள்ள நடைமுறைகளை ஒட்டி, வரிசையாகச் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மனநல மருத்துவரின் முடிவு என்பதை எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான நிபந்தனையாகக் கொள்ளுங்கள்.

படி 1: மாற்றம் ஏன், யாருக்காக என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். 'இரவில் எழுந்து வெளியே போய்விடுகிறார், இங்கே இரவுப் பணியாளர் இல்லை' என்பது ஒரு காரணம். 'இங்கே கட்டணம் கூடிவிட்டது' என்பதும் நேர்மையான காரணம்தான். 'பேச்சே கேட்பதில்லை' என்று மட்டும் எழுத முடிகிறதென்றால், மாற்றுவதற்கு முன்பு மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை, ஏனெனில் சிறுநீர்த் தொற்றும், முற்றிய மலச்சிக்கலும், காது கேளாமையும் முதியவர்களிடம் அடங்காத்தனமாகவே வெளிப்படக்கூடும். காரணம் தெளிவாகிவிட்டால் புதிய இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

படி 2: புதிய இல்லத்தை நேரில் பாருங்கள், பதிவைக் கேளுங்கள்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, மனநோயுள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த நிறுவனமும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'நாங்கள் வெறும் முதியோர் இல்லம்தான், ஆனால் இப்படிப்பட்டவர்களையும் பார்த்துக்கொள்வோம்' என்று சொல்லும் இடத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. சங்கிலியிடுவதையும், கட்டாயமாக மொட்டையடிப்பதையும், சீருடை அணியும்படி வற்புறுத்துவதையும் இன்றைய சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே பார்வையிடப் போகும்போது தங்கியிருப்பவர்களின் தலைமுடியையும் உடையையும் கவனியுங்கள், கேள்வி கேட்காமலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

கேட்க வேண்டியவை சிலவே: மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இரவில் விழித்திருப்பவர் யார், மாத்திரையை யார் கையில் கொடுத்து யார் குறித்துவைக்கிறார், இரத்தப் பரிசோதனைக்கு எங்கே அழைத்துப் போவார்கள், நோய் முற்றினால் எந்த மருத்துவமனையில் சேர்ப்பார்கள். கடைசிக் கேள்விக்கு 'உங்களுக்கு போன் பண்ணிடுவோம், நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடணும்' என்பது மட்டுமே பதிலென்றால், அந்த இல்லம் நல்ல நாட்களுக்கு மட்டும் பொறுப்பேற்கிறது என்று பொருள்.

படி 3: சம்பந்தப்பட்டவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

'டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்று சொல்லி அழைத்துப் போய் இல்லத்தில் விட்டுவிட்டு வரும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. செய்பவர்களின் இக்கட்டு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் இதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. தனக்கெதிராக எல்லாரும் சதி செய்கிறார்கள் என்பதே நோயின் மையமாக இருக்கும் ஒருவருக்கு, அந்தச் சதியை நாமே நிகழ்த்திக் காட்டிவிடுகிறோம். அதன்பின் அந்த இல்லத்தில் யாராவது நீட்டும் மாத்திரையை அவர் ஏன் வாங்க வேண்டும்?

இரண்டு மூன்று வாரம் முன்பே, அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, சிறு வாக்கியங்களில் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை அழைத்துப் போய், அங்கேயே ஒரு வேளை சாப்பிடவைத்துத் திரும்பக் கூட்டிவாருங்கள், ஏனென்றால் போன இடத்திலிருந்து திரும்பி வர முடிந்தது என்ற அனுபவம் பயத்தைப் பெரிதும் குறைக்கிறது. எந்தக் கட்டில், எந்தப் பெட்டி, எந்த நாளில் யார் பார்க்க வருவார்கள் என்பன போன்ற சிறு முடிவுகளை அவரிடமே விடுங்கள். மறுத்தால், மறுப்புக்கான காரணத்தைக் கேளுங்கள். ஒரு பெரியவர் முழு மூச்சாக மறுத்ததற்குக் காரணம், புதிய இல்லத்தின் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாததுதான்.

தன்னைச் சேர்ப்பதற்கு அவர் சம்மதிக்கும் நிலையில் இல்லையென்றால், சட்டம் அதற்கெனத் தனி வழி வைத்திருக்கிறது: நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்த பிறகு, பதிவு பெற்ற மனநல நிறுவனத்தில் முதற்கட்டமாக 30 நாட்கள் வரை சேர்க்கலாம். அதற்குமேல் நீட்டிப்பதற்குத் தனி நடைமுறை உண்டு. அந்தப் பிரதிநிதி யார் என்பதை அவர் நலமாக இருக்கும்போதே வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

படி 4: டிஸ்சார்ஜ் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

மேற்சொன்ன சட்டத்தின் 98-ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது, ஆனால் நமக்கு மிகவும் உதவக்கூடியது. ஒருவரை வீட்டுக்கோ வேறு நிறுவனத்துக்கோ அனுப்பும்போதும், அவரைப் பார்க்கும் பொறுப்பு வேறு மனநல மருத்துவருக்கு மாறும்போதும், இதுவரை பார்த்த மருத்துவர் நோயாளியுடனும், பிரதிநிதியுடனும், இனி உடனிருந்து பராமரிக்கப்போகும் குடும்பத்தாருடனும், அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருடனும் கலந்து பேசித் தொடர் சிகிச்சைத் திட்டம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்கிறது அது. நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை 25-ஆம் பிரிவில் இருக்கிறது. நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் இதையெல்லாம் சட்ட எண் சொல்லிக் கேட்பது பலன் தராது. 'அடுத்து பார்க்கப்போகிற டாக்டரின் எண் இது, ஐந்து நிமிடம் பேசினால் உதவியாக இருக்கும்' என்று எழுதிய சீட்டை நீட்டினால் பெரும்பாலான மருத்துவர்கள் பேசிவிடுகிறார்கள்.

படி 5: மருந்துகள்

மற்ற எல்லாப் படிகளிலும் சற்று முன்பின் இருந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் முடியாது.

வீட்டில், பையில், தலையணைக்கு அடியில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரே மேசையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றின் வணிகப் பெயரையும், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும், மில்லிகிராம் அளவையும், காலை மதியம் இரவு எத்தனை என்பதையும், எதற்காக என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூலப்பெயர் இரண்டு இடங்களில் வந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும், தூக்க மாத்திரையும், பக்கத்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும், சூரணமும்கூட இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். பெயர் வெட்டுப்பட்ட அட்டைகளை ஊகித்துக் கொடுக்காதீர்கள். மாற்றும் நாளில் குறைந்தது பதினைந்து நாளுக்கான மருந்து கையில் இருக்கட்டும், மனநல மாத்திரைகள் எல்லா ஊர் மருந்துக் கடைகளிலும் இருப்பதில்லை. புதிய ஊரின் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் அவற்றை இலவசமாகப் பெறப் பதிவு செய்துகொள்ளலாம்.

இனி, இடம் மாறும்போது தனிக் கவனம் வேண்டிய சில மருந்துகள்.

மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் மாத்திரையை எடுப்பவர் தொடர்ந்து 48 மணி நேரத்துக்குமேல் அதைத் தவறவிட்டுவிட்டால், பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. 12.5 மி.கி.யிலிருந்து மீண்டும் படிப்படியாகத் தொடங்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தவருக்குத் திங்கட்கிழமை பழைய அளவை முழுதாகக் கொடுப்பதுதான் நடக்கக்கூடிய மோசமான தவறு. இதற்கான இரத்தப் பரிசோதனை முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நடக்க வேண்டும் என்பதால், அடுத்த பரிசோதனைத் தேதியைப் பட்டியலிலேயே எழுதுங்கள். இந்த மருந்து குடலை மந்தமாக்கி உயிருக்கே ஆபத்தான மலச்சிக்கலைக் கொண்டுவரலாம். எனவே மலம் கழித்தாரா என்று நாள்தோறும் குறித்துவைப்பது அநாகரிகம் அல்ல, அவசியம்.

பலருக்கும் தெரியாத ஒன்று பீடி. பீடி, சிகரெட்டுப் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, குளோசபினையும் ஓரளவுக்கு ஓலன்சபினையும் வேகமாக உடலிலிருந்து வெளியேற்றச் செய்கின்றன. அதனால் புகைப்பவருக்கு அளவு கூடுதலாகவே எழுதப்பட்டிருக்கும். நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், புகைக்கத் தடையுள்ள இல்லத்துக்கு மாறிய ஒரு வாரத்துக்குள் அதே மாத்திரையே அவருக்கு மிகையாகிவிடக்கூடும். நாள் முழுதும் தூக்கம், வாயில் எச்சில் வடிதல், தள்ளாட்டம், சிலருக்கு வலிப்பு வரலாம். இதற்குக் காரணம் புகையே தவிர நிகோடின் அல்ல என்பதால், நிகோடின் பட்டை ஒட்டுவது இதைத் தடுக்காது. ஆகவே 'பீடி உண்டு, இத்தனை' என்பதை மருந்துப் பட்டியலின் முதல் வரியில் எழுதி, மாற்றத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் குடும்பங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரையை எடுப்பவருக்கு உப்பும் தண்ணீரும் முக்கியம். பல இல்லங்களில் முதியவர்கள் அனைவருக்கும் இரத்த அழுத்தத்தை எண்ணி உப்புக் குறைத்துச் சமைக்கிறார்கள். திடீரென உப்புக் குறைந்தாலோ, கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மூட்டுவலிக்கு யதார்த்தமாகக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அதையே செய்யும். கை முன்பைவிட அதிகமாக நடுங்குவது, வாந்தி, பேச்சுக் குழறல், நடை தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மாற்றத்துக்கு முன்பும், மாறிய ஓரிரு வாரத்திலும், கடைசி வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகச் செயல்பாடும் பார்த்துக்கொள்வது நல்லது.

மாத ஊசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஊசியின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, அடுத்த தேதி, எந்தப் பக்கம் போட்டது. ஊசி உடலில் இருக்கும்வரை ஆள் நன்றாகவே தெரிவார் என்பதால், தவறிப்போனது வாரங்கள் கழித்து நோய் திரும்பும்போதுதான் தெரியவரும். கை நடுக்கத்துக்காகப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் முதுமையில் மறதியையும் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடியது. அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம், ஆனால் நாமாக நிறுத்தக் கூடாது.

படி 6: ஆளைப் பற்றிய ஒரு பக்கம்

டிஸ்சார்ஜ் சம்மரி நோயைச் சொல்லும். இந்தப் பக்கம் ஆளைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பெண்மணிக்காகப் பின்னால் நாங்கள் தயாரித்த பக்கத்தின் சாரம் இது:

'சரசு அம்மா என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். பாட்டி என்றால் கோபம் வரும். காலையில் காபி குடித்த பிறகே மாத்திரை, அதுவும் அட்டையிலிருந்து அவர் கண் முன்னே பிரித்துக் கொடுக்க வேண்டும். பொடித்துச் சாதத்தில் கலந்தால் அன்றிலிருந்து சாப்பாட்டையே நிறுத்திவிடுவார். குரல்கள் எப்போதும் கேட்கும், மெதுவாகப் பதில் பேசிக்கொண்டிருப்பார், அது அவருக்கு இயல்பு. முந்தானையால் காதை இறுக மூடிக்கொண்டு, இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல், குளிக்க மறுத்தால் நோய் ஏறுகிறது என்று பொருள். அப்போது எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டக் கொடுத்தால் அமைதியாவார். ஆண் பணியாளர் பின்னாலிருந்து தொடக் கூடாது. வலி என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். சாப்பிடாமல் படுத்தால் உடம்புக்கு முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளவும்.'

(பெயரை மாற்றியிருக்கிறேன்.) இப்பக்கத்தில் மூன்று செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: அவருக்கு எது இயல்பு, நோய் ஏறுவதன் முதல் அடையாளம் எது, அப்போது எது உதவும். குரல்களோடு பேசுவது அவருக்கு இயல்பு என்று தெரியாத புதிய இல்லம், வந்த இரண்டாம் நாளே அவரைத் திருப்பி மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். வாழ்வின் இறுதிக்கட்டத்தில் தனக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியோ, விரும்பாத சிகிச்சையைப் பற்றியோ அவர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். இதை எழுத உட்காரும்போது பழைய இல்லத்தின் ஆயாவை உடன் வைத்துக்கொள்ளுங்கள், மகனைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

படி 7: தாள்களும் பணமும்

ஆதார், குடும்ப அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, ஓய்வூதியப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் இல்லத்திலும், மூலங்கள் குடும்பத்திலும் இருக்கட்டும். ஓய்வூதியதாரர் என்றால் ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றுக்கு யார் பொறுப்பு என்று பேசி முடியுங்கள். ஏ.டி.எம். அட்டையை இல்லத்திடம் ஒப்படைக்க வேண்டாம்.

படி 8: மாறும் நாள்

வெள்ளி மாலை, பண்டிகைக்கு முந்தைய நாள், மாதக் கடைசி ஆகியவை வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் முற்பகல் சிறந்தது. ஏதாவது குறைந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அலுவலகங்கள் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை ஆகாது என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, புதன்கிழமை இருக்கிறது. அன்று காலை மருந்தைப் பழைய இடத்திலேயே கொடுத்து, கடைசி வேளை எப்போது என்று நேரத்தோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அவருடைய போர்வை, தலையணை, டம்ளர், சாமி படம், ரேடியோ ஆகியவை துணிமணிக்கு முன்பே வண்டியில் ஏறட்டும். கண்ணாடியும், பல்செட்டும், காதுக் கருவியும் மாற்றத்தின்போது காணாமல் போகும் பொருள்களில் முதன்மையானவை. இவை இல்லாத முதியவர் குழம்பித்தான் போவார், அந்தக் குழப்பத்துக்கும் நோயின் பெயரே சூட்டப்படும்.

போய்ச் சேர்ந்ததும், நீங்கள் அங்கிருந்து கிளம்புவதற்கு முன் கழிப்பறைக்கு ஒருமுறை அவரோடு நடந்துவிட்டு வாருங்கள். மனநல மருந்துகள் பல, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்குபவை. இரவில், பழக்கமில்லாத இருட்டில், தெரியாத ஒரு படியில் இடறி இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு. இரவு விளக்கும், வழுக்காத செருப்பும், 'எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நில்லுங்கள்' என்ற பழக்கமும் போதுமானவை.

படி 9: முதல் மூன்று நாளும் முதல் மாதமும்

முதல் மூன்று நாட்களுக்குத் தூக்கம், சாப்பாடு, மலஜலம், மாத்திரை ஆகிய நான்கையும் மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். சேர்த்துவிட்டு 'பழகட்டும்' என்று ஒரு மாதம் பார்க்க வராமல் இருக்கச் சொல்லும் இல்லங்கள் உள்ளன. அதை ஏற்க வேண்டாம், உறவினரோடு தொடர்பு வைத்துக்கொள்வது அவரது உரிமை. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வருவது, சொல்லாமல் போய் நாள் முழுதும் இருப்பதைவிட நல்லது.

மனநல மருத்துவரை ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். மனநல வார்டிலிருந்து வெளியேறிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை அபாயம் மிகுதி. முதியவர் என்பதால் அந்த எண்ணம் வராது என்று கருத வேண்டாம். 'செத்துவிடலாம் போல இருக்கிறதா' என்று நேராகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டிவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், சேர்த்துவைத்த மாத்திரைகளை எடுத்துவிடுங்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பதிலளிக்கிறது. உடனடி ஆபத்தென்றால் 108.

முதல் மாதத்தில் ஆள் மாறிப்போனதாகத் தோன்றினால், மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது என்று பாருங்கள். மனச்சிதைவு திரும்புவது பெரும்பாலும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல நடக்கும். நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று மாலை இடம் தெரியாமல் பிதற்றி, நடுவில் தெளிந்து, மறுபடி குழம்பினால், அது உடல்நோயால் வரும் திடீர்க் குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சல், சிறுநீர், சர்க்கரை அளவு, உப்புச்சத்து, நெஞ்சுச் சளி ஆகியவற்றை அன்றே பார்க்க வேண்டும். அவசரப் பிரிவில் பழைய சீட்டைக் கண்டதும் 'மனநோய்க் கேஸ், மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க' என்று திருப்பிவிடுவது நடக்கிறது. அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'நோய் முப்பது வருஷமா இருக்கு, இந்தக் குழப்பம் நேத்து ராத்திரிதான் வந்தது. உடம்புக்கு என்னன்னு முதல்ல பாருங்க.'

படி 10: மீண்டும் மருத்துவமனை சென்றால்

இல்லத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மருந்துப் பட்டியலும், ஆளைப் பற்றிய பக்கமும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவரோடு போக வேண்டும். அவர் கட்டிலை எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள் என்பதை இல்லத்திடம் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வர இடம் இல்லாமல் போவதுதான் பலரை மருத்துவமனையில் மாதக்கணக்கில் முடக்குகிறது. குடும்பமோ வீடோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மனநல நிறுவனத்திலேயே தங்கவைக்கப்படக் கூடாது என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. திரும்பி வரும்போது மருந்து மாறியிருந்தால், பழைய அட்டைகளை அன்றே அகற்றிவிட்டு, பட்டியலைப் புதிதாக எழுதித் தேதியிட்டு, பழையதைக் குறுக்கே கோடிட்டு அடியுங்கள்.

சரசு அம்மாவின் பட்டியல் இப்போது ஐந்தாவது முறையாகத் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. பதினேழு அட்டைகள் ஆறாகிவிட்டன, மாத ஊசியின் அடுத்த தேதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக அவரே நர்ஸிடம் நினைவூட்டுகிறார்.